சோப்பு மேடம்

எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை பேருக்கும் என்னைப் பிடிக்காமல் போனது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்வரை நான் பெண்கள் அறுவைசிகிச்சை வார்டில் பதினாறு வருஷம் குப்பை கொட்டிய சாதாரண நர்ஸ். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக்கில் எனக்கும் ஒரு துண்டு வரும். பத்து மணிக்கு மேட்ரன் தன் அறைக்குக் கூப்பிட்டு என் கோட்டில் ஒரு பேட்ஜைக் குத்தினார். 'தொற்றுத் தடுப்பு செவிலியர்' என்று அதில் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு கேக் வரவில்லை.

எங்களுடையது கடலூரில் மூன்று மாடித் தனியார் ஆஸ்பத்திரி. தரச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குக் கிருமி போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தனியாக வேண்டும் என்பது சான்றிதழ் கொடுப்பவர்களின் நிபந்தனை.

"ஏன் மேடம், நான்தான் கிடைச்சேனா?" என்று கேட்டேன்.

"நீதான் எல்லார்கிட்டயும் சண்ட போடுவ. இத்தன நாளு சும்மா போட்ட. இனிமே ஆஸ்பத்திரிக்காகப் போடு" என்றார் மேட்ரன்.

மூன்று நாள் பயிற்சிக்குப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே எங்கள் கையில் ஏதோ ஒரு களிம்பைத் தடவி, வழக்கம்போல் கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். பிறகு இருட்டறையில் நீல விளக்கை அடித்துக் காட்டினார்கள். கழுவாமல் விட்ட இடமெல்லாம் ஒளிரும். பதினாறு வருஷமாகச் சுத்தம் என்று நான் நம்பிக்கொண்டிருந்த கையில் கட்டைவிரலும் நகக்கண்ணும் திருவிழாப் பந்தல் மாதிரி மின்னின. எனக்கு உடம்பு கூசிவிட்டது. இந்தக் கையால்தானே இத்தனை பிள்ளைகளைத் தூக்கினோம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பஸ் ஏறும்போது நான் புதிதாக மதம் மாறியவளைப் போல இருந்தேன். அப்படிப்பட்டவர்கள் பக்கத்து சீட்டுக்காரரைச் சும்மா விடுவதில்லை. நானும் விடவில்லை. கண்டக்டர் எச்சில் தொட்டு டிக்கெட் கிழித்ததற்குக் கன்னியகோவில் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

கை கழுவுவதில் ஆறு நிலை உண்டு. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, விரல் முட்டி, கட்டைவிரல், நகம். அதைப் படம் வரைந்து ஒவ்வொரு குழாய்க்கு மேலும் ஒட்டினேன். ஒட்டிய மறுநாளே அதற்கு 'அறுபடை வீடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் வருவதைப் பார்த்தால் டியூட்டி நர்ஸ்கள் குழாயடிக்கு ஓடிப்போய், "மேடம், திருத்தணி முடிஞ்சிடுச்சி, பழமுதிர்சோலை மட்டும்தான் பாக்கி" என்று கத்துவார்கள்.

வார்டைத் துடைத்துச் சுத்தம் செய்யும் அக்கா ஒருவர் உண்டு. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஞாயிறு காலை பூசையை முடித்துவிட்டுத்தான் டியூட்டிக்கு வருவார். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் சாவிக்கொத்து. அவர் அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்களுக்கு சிலுவைப்பாதையில பதினாலு ஸ்தலம் சிஸ்டர். ஒங்களுக்கு ஆறுலயே முடிஞ்சிடுதா? குடுத்துவெச்சவுங்க" என்றார்.

அடுத்து சோப்பு. எல்லாக் குழாயிலும் கட்டி சோப்புதான் இருந்தது. பத்து பேர் தேய்த்து, நடுவில் பள்ளம் விழுந்து, ஒரு முடி ஒட்டிக்கொண்டு கிடக்கும். கட்டிலுக்குக் கட்டில் ஸ்பிரிட் கலந்த சானிடைசர் வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். கொரோனா நேரத்தில் வாசலுக்கு வாசல் நின்ற சானிடைசர் ஸ்டாண்டுகள் மாடிப்படிக்குக் கீழே குடை மாட்டுவதற்குப் பயன்பட்டுக்கொண்டிருந்தன. கடைசியில் அழுத்தினால் சோப்பு வருகிற பிளாஸ்டிக் பாட்டில்களும், பச்சை நிறத்தில் எலுமிச்சை வாசனையோடு ஐந்து லிட்டர் கேனும் வாங்கிக் கொடுத்தார்.

சோப்பு கெட்டியாக இருந்தது. கழுவினால் சீக்கிரம் போகவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு பங்கு சோப்பு, மூன்று பங்கு குழாய்த் தண்ணீர். பெரிய ஜக்கில் கலக்கி, தினமும் காலையில் மூன்று மாடியும் ஏறி இறங்கி, பாதி காலியான பாட்டிலையெல்லாம் நிரப்பிவிடுவேன். பாட்டில் முழுசாகக் காலியாகும்வரை காத்திருப்பது சோம்பேறி செய்கிற வேலை என்பது என் அபிப்பிராயம். எந்த நேரம் போய் அழுத்தினாலும் சோப்பு வரும். ஆஸ்பத்திரியே எலுமிச்சை வாசனை அடித்தது. எல்லோரும் என்னை 'சோப்பு மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திட்டித்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

கழுவாதவர்களைப் பிடிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். வார்டில் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கழுவினால் டிக், கழுவாவிட்டால் பெருக்கல் குறி. சில இளம் டாக்டர்கள் என்னைக் கண்டதும் டிராபிக் போலீஸ் மாதிரி இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் எல்லோருக்கும் டிக் விழுந்தது, ஒருவரைத் தவிர.

அவர் எங்கள் பெரிய டாக்டர். அறுவைசிகிச்சை நிபுணர். அறுபதைத் தாண்டியவர். வலது கை மோதிர விரலில் நவரத்தின மோதிரம் போட்டிருந்தார். போட்டிருந்தார் என்பதைவிட விரல் அதைச் சுற்றி வளர்ந்துவிட்டது என்பதுதான் சரி. தான் போட்ட தையலை இன்னொருவர் தொடுவதை அவர் பொறுக்கமாட்டார். டிரஸ்ஸிங்கையும் தானே மாற்றுவார். வார்டுக்கு வந்தால் கோட்டுப் பையிலிருந்து சின்ன சானிடைசர் குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டுக் கையைத் தேய்த்துக்கொள்வார். கொரோனா சமயத்தில் அவர் மனைவி பழக்கிவிட்டதாம். என் சோப்புப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

"சார், எல்லாரும் கழுவுறாங்க. நீங்க மட்டும்தான் பாக்கி" என்று ஒரு நாள் வழிமறித்தேன்.

"அந்தப் பச்சத் தண்ணிய கையில ஊத்திக்கிட்டா எனக்குத் தும்மல் வருதும்மா. பஸ் ஸ்டாண்ட் லாட்ஜு ஞாபகம் வருது."

"அந்த மோதிரத்தையாவது கழட்டலாம் சார். அடியில எவ்ளோ அழுக்கு இருக்கும்? ஒரு ஸ்வாப் எடுக்கட்டுமா?"

"நான் ஆபரேசன் பண்ண ஆரம்பிச்சப்ப நீ பாவாட சட்ட போட்டுக்கிட்டு இருந்திருப்ப. போம்மா, போய் வேலயப் பாரு."

அவருக்கு ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கல் குறி போட்டேன்.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம் இருக்கும். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெண் சிசேரியன் ஆகி எங்கள் வார்டில் படுத்திருந்தாள். முதல் பிரசவம். கணவன் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். பெண் குழந்தை, நல்ல எடை. நான்காம் நாள் டிரஸ்ஸிங்கைப் பிரித்தபோது தையலைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஐந்தாம் நாள் ஓரத்தில் சீழ். ஏழாம் நாள் இரண்டு விரல் அகலத்துக்குப் புண் வாய் திறந்துவிட்டது. காய்ச்சல் வேறு. குழந்தையைத் தூக்கப் போனாலே "அம்மா!" என்று அலறுவாள். வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் அவளிடம் வேலை செய்யவில்லை.

அவளுக்குத் துணையாக அவளுடைய அம்மா இருந்தார். கரும்புக் கொல்லையில் வேலை செய்து காய்ப்புப் பிடித்த கை. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொள்வார். வீட்டிலிருந்து தூக்குவாளியில் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். புண்ணைப் பார்த்த அன்று மதியம் அவர் மகளுக்குப் பால்சுறாப் புட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்.

"இந்தத் தரையில படுத்துப் பொரண்டுட்டு அதே கையால ஊட்டுறீங்களே, புண்ணு எப்படிம்மா ஆறும்? மீன் வாசன வார்டு பூரா அடிக்குது. ஒங்களாலதான் ஒங்க பொண்ணுக்கு இப்படி ஆயிருக்கு."

"பாலு ஊறட்டும்னு கொண்டாந்தேம்மா. தொறமொகத்துல நின்னு வாங்கியாந்தது" என்றார் அந்த அம்மா.

நான் தூக்குவாளியை வாங்கிக்கொண்டு போய்க் குப்பையில் கொட்டினேன். பாத்திரத்தைக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன். என் சோப்பால். அந்தப் பெண் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சொன்னா கேக்கிறியாம்மா நீ" என்று அம்மாவைக் கடிந்துகொண்டது என் காதில் விழுந்தது. எனக்கு அப்போது அது திருப்தியாகக்கூட இருந்தது.

அதற்கடுத்த பத்து நாளில் இன்னும் நான்கு பேருக்குப் புண் பிரிந்தது. இரண்டு சிசேரியன், ஒரு கர்ப்பப்பை, ஒரு குடலிறக்கம். மேட்ரன் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "டிக்கா போட்டு வெச்சிருக்கியே, அப்புறம் எப்படிடி வருது?" என்று கேட்டார். நான் பெரிய டாக்டர் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் கிருமி வளர்த்துப் பார்க்கும் வசதி கிடையாது. சிதம்பரத்தில் மேல வீதிப் பக்கம் ஒரு சந்தில் ஒரு லேப் இருந்தது. என் வீடும் சிதம்பரத்தில்தான் என்பதால் ஐந்து புண்ணிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரிகளை ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, மாலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

"என்னாம்மா அது, ஐஸ்கிரீமா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"சீழுண்ணே."

பெரியகுப்பம் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டு, முன் சீட்டு இரண்டும் காலி. அன்று கால்களை நீட்டி உட்கார்ந்து சிதம்பரம் வந்து சேர்ந்தேன். அந்த வழியில் பதினாறு வருஷமாகக் கிடைக்காத சுகம் அது.

லேப்காரர் நுண்ணுயிரியல் படித்தவர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நான்கு பேனா. கிருமிகளைப் பற்றி உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். மூன்றாம் நாள் போனபோது கண்ணாடித் தட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். தட்டில் குங்குமத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டது மாதிரி சிவப்பாக வளர்ந்திருந்தது.

"நேத்து சூட்டுப் பெட்டியில வளத்தப்ப வெள்ளையாத்தான் இருந்தாரு. வெளிய மேசயில வெச்சிட்டுப் போனேன். காலையில பாத்தா இப்படிச் சிவந்துட்டாரு. செராஷியான்னு பேரு. அஞ்சு பேர்கிட்டயும் இதே ஆளுதான் சிஸ்டர்."

"அஞ்சு பேருக்கும் ஒரே கிருமியா?"

"ஒரே எடத்துலேர்ந்து கெளம்பியிருக்காரு. ஈரம் எங்க இருக்கோ அங்க குடும்பம் நடத்துவாரு. எங்கன்னு தேடுங்க."

அவர் எந்த ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும் என்று எழுதிக் கொடுத்தார். அன்றே போனில் சொல்லி அந்தப் பெண்ணுக்கு மருந்தை மாற்ற வைத்தேன். காய்ச்சல் இறங்கியது. ஆனால் கிருமி எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் புதிதாக யாருக்கும் ஆபரேஷன் செய்யத் தயங்கினார்கள்.

தேடினேன். கட்டில் கம்பி, டிரஸ்ஸிங் தள்ளுவண்டி, பி.பி. கருவியின் பட்டை, நர்ஸ்களின் செல்போன், குடிதண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தடவி எடுத்தேன். நெல்லிக்குப்பத்து அம்மாவின் பாயையும் விடவில்லை. அவரே பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரிய டாக்டர் மட்டும் மோதிரத்தைக் காட்ட மறுத்துவிட்டார். திரும்பத் திரும்ப மூன்று முறை பெட்டியோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கடைசி சீட்டைத் துண்டால் தட்டிக் கொடுத்து, "சீழம்மா வந்துட்டாங்க, எடம் வுடுங்க" என்பார்.

எதிலும் அந்தச் சிவப்பு ஆள் இல்லை. அந்த அம்மாவின் பாயில்கூட இல்லை. லேப்காரரிடம் என் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துப் புலம்பினேன். "எல்லாரும் கழுவுறாங்க சார். இவரு ஒருத்தருதான் சோப்பத் தொடல. மோதிரம் வேற. இவராத்தான் இருக்கணும்."

அவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "யாருக்கெல்லாம் புண்ணு பிரிஞ்சுதுன்னு சொன்னீங்க. யாருக்குப் பிரியல?" என்று கேட்டார்.

யோசித்தேன். பெரிய டாக்டரின் நோயாளிகள் ஒருவருக்கும் பிரியவில்லை. அவர் கைராசிக்காரர் என்று வார்டில் பேச்சு இருந்தது. அதைச் சொன்னேன்.

"கைராசியெல்லாம் எனக்குத் தெரியாது. அந்தக் கையில மத்தவுங்க போடாத எதப் போடுறாரு? மத்தவுங்க போடுற எதப் போடல? அதப் பாருங்க" என்றார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் எனக்கு உறைக்கவில்லை. சோப்பு என்பது கிருமியைக் கொல்கிற கட்சி என்று மனசில் எழுதி வைத்தாகிவிட்டது. மறுநாள் காலை வழக்கம்போல் ஜக்கோடு வார்டுக்குப் போனேன். சுத்தம் செய்யும் அக்கா வாஷ்பேசினைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், போன மாசமே சொன்னேன், நீங்க காதுலயே வாங்கல. இந்தச் செவப்புப் பாசி பாருங்க. தேச்சி வுட்டா ரெண்டு நாள்ல திரும்பி வந்துடுது. பேசின்ல மட்டும் இல்ல, ஒங்க பாட்டிலு மூக்குலயும் இருக்கு."

அவர் சொன்னது உண்மை. போன மாதம் சொல்லியிருந்தார். அது சோப்பின் சாயம் என்று நான் அவருக்கு விளக்கம் கொடுத்திருந்தேன். பச்சை சோப்பிலிருந்து சிவப்புச் சாயம் எப்படி வரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாட்டில் மூடியைத் திருகி உள்ளே இருந்த குழாயை உருவினேன். குழாய் முழுக்க வழவழவென்று ரோஸ் நிறத்தில் ஒரு படலம். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏசுவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். ஜக்கைப் பார்த்தேன். அதன் அடியிலும் அதே நிறத்தில் ஒரு வளையம்.

ஐந்து பாட்டில், ஜக்கு, திறக்காத புதுக் கேன் ஒன்று எல்லாவற்றையும் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். முடிவு வர இரண்டு நாள் ஆனது. பாட்டில் ஐந்திலும் செக்கச்சிவப்பு. ஜக்கிலும் அதே. திறக்காத கேனில் ஒன்றுமில்லை. லேப்காரர் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க தண்ணி கலந்ததும் சோப்பு அவர ஒண்ணும் பண்ண முடியாம வலு கொறஞ்சி போச்சு. காலியான பாட்டில கழுவிக் காயவெக்காம மேலயே ஊத்தினதுல அவருக்கு தெனமும் புதுச் சாப்பாடு. ஒங்க ஆளுங்க இந்த சோப்பப் போட்டு நல்லாத் தேச்சிக் கழுவிட்டு, ஈரக்கையோட போயி டிரஸ்ஸிங் மாத்தியிருக்காங்க."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி நான் வழிமறித்துக் குழாயடிக்குத் துரத்திய கைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். ஒளிந்து நின்று, பெயர் எழுதி, பயமுறுத்தி, ஒவ்வொரு கையையும் நான்தான் அந்தப் பாட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். என் நோட்டில் இருந்த டிக்கெல்லாம் அதற்கான சாட்சி.

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் ஒரே யோசனைதான். எல்லாப் பாட்டிலையும் ஓசைப்படாமல் எறிந்துவிட்டு, 'மூலம் கண்டறியப்படவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது. லேப்காரர் யாரிடமும் சொல்லமாட்டார். அந்த அக்காவுக்குத் தெரியும், ஆனால் அவர் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்? நானே கேட்கவில்லையே. புதுச்சத்திரம் வரும்வரை பொய் சொல்வதாகத்தான் முடிவு. புதுச்சத்திரத்தில் கையில் குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். உட்கார இடம் கொடுத்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அவளுக்குப் பிரசவமாகி எத்தனை நாளாகிறது என்றுகூடக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை.

நேராக மேட்ரன் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "சோப்பு கம்பெனி மேல போட்டுடலாமா?" என்றார்.

"புதுக் கேனு சுத்தமா இருக்கு மேடம். தண்ணி கலந்தது நானு."

"ஒன்ன எதுக்குடி அந்த வேலைக்குப் போட்டேன்" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, "சரி வா, எல்லாப் பாட்டிலயும் மொதல்ல தூக்கிப் போடலாம்" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். இரண்டு பேருமாக மூன்று மாடியிலும் பாட்டில்களைப் பொறுக்கினோம். மாடிப்படிக்குக் கீழே இருந்த ஸ்டாண்டுகளிலிருந்து குடைகளை எடுத்துப் போட்டுவிட்டு, மேனேஜரை வரவழைத்து, இன்றைக்கே சானிடைசர் வரவேண்டும் என்று மேட்ரன் சொன்ன குரலில் அவருடைய 'அடுத்த வருஷம்' அன்று மதியமே வந்துவிட்டது.

மதியம் டாக்டர்கள் கூட்டம். நான் எழுந்து நின்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஒரு இளம் டாக்டர் தன் கையை மேசைக்கு அடியில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பெரிய டாக்டர் இப்போது என்னைக் கிழிப்பார் என்று காத்திருந்தேன். கிழிக்க அவருக்கு முழு உரிமையும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் சோப்பப் போடாதது தும்மலுக்காக. புத்தியால இல்ல" என்றார். பிறகு கையை மேசைமேல் நீட்டி, "ஆறு தடவ கேட்டியேம்மா. இந்தா, மோதிரத்துலயும் எடுத்துக்க. என்னா இருக்குன்னு எனக்கும் தெரியணும்ல" என்றார்.

எடுத்தேன். செராஷியா இல்லை; ஆனால் மூன்று நாள் கழித்து வந்த பட்டியலில் வேறு நான்கைந்து பேர் சொந்த வீடு கட்டிக் குடியிருந்தார்கள். படித்துப் பார்த்துவிட்டு அவரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்க் கையை நீட்டினார். மோதிரம் அசையவில்லை. விரலில் நூலை இறுக்கிச் சுற்றி, எண்ணெய் விட்டு, இரண்டு நர்ஸ்கள் அரைமணி நேரம் போராடினார்கள். "இருபத்தஞ்சு வருசமாச்சு, பாத்து, பாத்து" என்று அவர் கத்திய சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்டது. கழன்று வந்ததும் அவருடைய விரலில் அந்த இடம் மட்டும் பிறந்த குழந்தையின் தோல்போல வெளுத்திருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. கூட்டத்தில் பேசுவது அதைவிட லேசு. நெல்லிக்குப்பத்துப் பெண்ணின் கட்டிலுக்குப் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து குழந்தைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு ஒங்களாலதான்னு சொன்னேன்ல. அது தப்பு. நான் கலந்து வெச்ச சோப்புல கிருமி இருந்திச்சி. அதுலதான் ஒங்க பொண்ணுக்கு வந்துச்சி."

அம்மாவுக்குப் புரிய நேரமானது. மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அப்ப எங்கம்மாவால இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா."

"மூணு வாரமா இவுங்களத் திட்டிகிட்டு இருக்கேன். எங்க வூட்டுக்காரரும் திட்டினாரு. மாமியாரு போன்லயே திட்டினாங்க. நீங்க சொன்னீங்கன்னுதான்." என் மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலிலிருந்து கையை நீட்டி அம்மாவின் தலையைத் தடவினாள். அந்த அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வுடு, அதுவும் புள்ளகுட்டிக்காரிதான்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சொறாப் புட்டக் கொட்டினியே. அது நானூறு ரூபா மீனு. அத மட்டும் வாங்கியாந்து குடுத்துடு."

மறுநாள் விடியற்காலையில் என் கணவரை எழுப்பி மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். எனக்குப் பால்சுறாப் புட்டு செய்து பழக்கமில்லை. புவனகிரியில் இருக்கும் என் அக்காவைப் போனில் வைத்துக்கொண்டே செய்தேன். பூண்டு ஜாஸ்தியாகிவிட்டது. தூக்குவாளியோடு பஸ் ஏறினால் கண்டக்டர் வழக்கம்போல் துண்டை எடுத்துக் கடைசி சீட்டைத் தட்டினார். உள்ளே இருப்பது சாப்பாடு என்று சொன்னேன். கடலூர் வரைக்கும் அவர் நம்பவில்லை. பஸ்ஸில் யாரும் நம்பவில்லை. அந்த அம்மா ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "உப்பு பத்தல" என்றார். மகள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

புண் சுத்தமானதும் பெரிய டாக்டரே அவளுக்கு மறுதையல் போட்டார். மோதிரம் இல்லாத விரலால். பத்தாம் நாள் தையல் பிரித்தோம். தழும்பு கோணலாக இருந்தாலும் நன்றாகச் சேர்ந்திருந்தது. மற்ற நான்கு பேரும் தேறி வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சிவப்பு ஆள் எங்கள் வார்டுப் பக்கம் வரவில்லை. வேறு ஆட்கள் வருகிறார்கள். தேடுகிறோம்.

என் வேலை போகவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொண்டுபோனேன். மேட்ரன் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசைக் காலுக்கு அடியில் செருகிவிட்டார். "இப்பதான் ஒனக்கு அந்த வேல தெரிஞ்சிருக்கு" என்றார். இப்போது சோப்பு மூடிய பையில் வருகிறது. தீர்ந்தால் பையோடு எறிந்துவிடுகிறோம். மருந்து அலமாரிக்குப் பின்னால் நான் ஒளிந்து நிற்பதில்லை. முன்னால் நின்று கேட்கிறேன், சில நாள் பதிலும் கிடைக்கிறது.

தொற்றுத் தடுப்புக் குழு என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு முறை கூடும். டாக்டர்களும் மேனேஜரும் மேட்ரனும் நானும் டீ குடித்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடும் குழு. சுத்தம் செய்யும் அக்காவை அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் சட்டத்தில் இடமில்லை என்றார். பெரிய டாக்டர், "எடம் இல்லன்னா என் நாற்காலியக் குடுத்துடுறேன்" என்றார். சேர்த்தார்கள்.

முதல் கூட்டத்துக்கு அக்கா துவைத்துத் தேய்த்த புடவையில் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்தார். மேனேஜர் மரியாதைக்காக, "நீங்க எதுனா சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"சார், இந்த ஏசியோட ஃபில்டர யாரு கடைசியாக் கழட்டிப் பாத்தீங்க?"

எல்லோரும் மேலே பார்த்தோம். பெரிய டாக்டர் மெதுவாகத் தன் நாற்காலியை ஏசிக்கு நேர் கீழேயிருந்து சுவரோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.